குழியில் நின்ற வாத்தியார்

"டீச்சர், நான் சுற்றுச்சூழல் பாடத்தை விட்டுடலாம்னு இருக்கேன்" என்றார் அருளப்பன்.

பானு டீச்சர் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்.

"விட்டுட்டா யாரு எடுப்பா?"

"விளையாட்டு வாத்தியார் எடுக்கட்டும். திங்கட்கிழமை விழா முடிஞ்சதும் ஹெச்.எம். கிட்ட சொல்லிடப் போறேன்."

"அவரு எப்படி நடத்துவாரு?"

"எங்க நடத்துவாரு? பந்தைக் கொடுத்து வெளிய அனுப்பிடுவாரு."

"பிள்ளைங்களுக்குச் சந்தோஷமா இருக்குமே" என்றார் பானு, சோற்றைப் பிசைந்துகொண்டே.

அருளப்பனுக்குச் சுருக்கென்றது. ஆறுதல் தேடித்தான் அவர் பர்மிஷன் போட்டுவிட்டு, பட்டப்பகல் வெயிலில் மொபெட்டை ஓட்டிக்கொண்டு பக்கத்து ஊர்வரை வந்திருந்தார்.

அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். செங்காட்டுப்பட்டி உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் வாத்தியார். தலை பாதி நரைத்தாயிற்று. பாடம் என்றால் உயிர். சாக்பீஸ் பிடித்தால் பெல் அடித்தது காதில் விழாது. கெட்ட மனுஷன் இல்லை. ஆனால் பாடம் நடத்தும்போது குறுக்கே யாராவது பேசினால் மட்டும் பொல்லாத கோபம் வரும்.

பானு டீச்சர் அவரைவிட ரொம்ப இளையவர். பக்கத்து ஊர்ப் பள்ளியில் அதே பாடம். ஆசிரியர் பயிற்சிக் கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்து முறுக்குத் தின்பவர். ஆனாலும் அவருடைய பிள்ளைகளைப் பற்றி எல்லா வாத்தியார்களும் பேசினார்கள். ஓணானைக் கண்டால் கல்லெடுக்காமல் கேள்வி கேட்கிற பிள்ளைகளாம். எப்படி டீச்சர் என்று கேட்டால் சிரித்துவிட்டு முறுக்கை நீட்டுவார். விஷயம் தெரிந்தும் சொல்லமாட்டேன் என்கிறார் என்று மற்றவர்களுக்கு ஒரே புகைச்சல்.

"சரி, என்ன நடந்துச்சு?" என்று கேட்டார் பானு.

"காலையில பத்தாங்கிளாஸ்ல கேட்டேன். திங்கட்கிழமை சுற்றுச்சூழல் தினம், மரக்கன்னு நட யார் யார் வர்றீங்கன்னு."

"ம்."

"ஒரு கை தூக்கலை டீச்சர். காளீஸ்வரின்னு ஒரு பிள்ளை, நல்லாப் படிக்கிற பிள்ளை, அதுதான் எந்திரிச்சுது. 'நாங்க வரலை சார்'னுச்சு. ஏன்னு கேட்டேன். 'எங்களால முடியாது சார்'னு சொல்லிட்டு உட்கார்ந்துடுச்சு. மொத்த கிளாஸும் தரையைப் பார்க்குது."

"ம்."

"ஆறாம் வகுப்புலேருந்து நான் சொல்லிக் கொடுத்த பிள்ளைங்க. வருஷா வருஷம் நட்ட பிள்ளைங்க. காடு அழியுதுன்னா அஞ்சு பாயிண்ட் எழுதுதுங்க. காத்து கெடுதுன்னா எழுதுதுங்க. முழு மார்க். ஆனா ஒரு கன்னு வைக்க வாங்கடான்னா வரமாட்டேங்குதுங்க. அக்கறையே இல்லை. நான் இத்தனை வருஷம் யாருக்கு நடத்தினேன், சுவத்துக்கா?"

சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பானு கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

"வாங்க சார்."

மைதானத்துக்குக் கூட்டிப்போனார். மரங்கள் அடர்ந்து கிடக்கும் என்று எதிர்பார்த்துப் போன அருளப்பன் ஏமாந்துபோனார். ஓரமாக நாலைந்து மரம். மற்றபடி வெட்டவெளி. அதில் வரிசையாகக் குழிகள், எல்லாம் காலி.

"என்ன டீச்சர், நீங்க இன்னும் நடலையா?"

"செருப்பைக் கழட்டிட்டு இதுல இறங்குங்க."

"எதுக்கு?"

"பிள்ளைங்க ஏன் வரலைன்னு கேட்டீங்களே."

அருளப்பன் சுற்றுமுற்றும் பார்த்தார். வேறு பள்ளி, தெரிந்த முகம் எதுவும் இல்லை. செருப்பைக் கழற்றினார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார். முழங்கால்வரை ஆழம்.

"பெல் அடிக்கிற வரைக்கும் நில்லுங்க. நான் பாதிச் சாப்பாட்டுல வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார் பானு.

வைகாசி வெயில். உச்சி காய்ந்தது. குழி மண் தோசைக்கல்லாய்க் கிடந்தது. ஒரு காலைத் தூக்கி மறுகாலில் நின்றார். பிறகு அந்தக் காலைத் தூக்கி இந்தக் காலில் நின்றார்.

ஒரு பையன் வந்தான். குழியின் ஓரமாகக் குத்தவைத்தான்.

"சார், ஏன் உள்ள நிக்கிறீங்க?"

"உங்க டீச்சர் நிக்கச் சொன்னாங்க."

"ஓ" என்று எழுந்து போய்விட்டான். அவனுக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் பானு ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்தார். அப்பாடா என்று கையை நீட்டினார் அருளப்பன். பானு குனிந்து தண்ணீரை அவர் காலடியில் ஊற்றினார். மண் ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் பழையபடி காய்ந்தது.

"குடிக்கக் கொடுப்பீங்கன்னு பார்த்தேன்."

"கன்னுக்கு இப்படித்தானே சார் ஊத்துவோம்?"

"சரி, இன்னொரு டம்ளர் கொண்டாங்க. கால் எரியுது."

"நாளைக்கு ஊத்துறேன்."

"நாளைக்குச் சனிக்கிழமை, லீவு."

"அப்ப திங்கட்கிழமை."

"அதுவரைக்கும் நான் என்ன பண்றது?"

பானு நெற்றியில் கையை வைத்து வானத்தைப் பார்த்தார். மேகம் என்று சொல்ல ஒரு துணுக்குக்கூட இல்லை.

பெல் அடித்தது.

அருளப்பன் மேலே ஏறி, செருப்பை மாட்டிக்கொண்டார். முகம் சிவந்திருந்தது. பாதி வெயில், பாதி கோபம்.

"நான் பிள்ளைங்களைப் பத்திக் கேட்டேன். நீங்க என்னை வேடிக்கைப் பொருளாக்கிட்டீங்க டீச்சர்."

"நானும் பிள்ளைங்களைப் பத்தித்தான் சார் சொல்லிட்டு இருக்கேன்" என்றார் பானு. முறுக்குப் பொட்டலத்தை நீட்டினார்.

அருளப்பன் வாங்கவில்லை. மொபெட்டை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமை முழுக்க உள்ளங்கால் எரிந்தது. மனைவி தேங்காயெண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார்.

"எங்க போய் நின்னீங்க?"

"குழியில."

அந்த அம்மா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கல்யாணமாகி ரொம்ப காலமாகிறது.

திங்கட்கிழமை.

பந்தல் போட்டாயிற்று. பேனர் கட்டியாயிற்று. மைக்செட்டில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. கறுப்புப் பைகளில் புங்கையும் வேம்புமாகக் கன்றுகள் நிழலில் வரிசையாக நின்றன. நடுவதற்கு வருஷா வருஷம் தோண்டுகிற அதே குழிகள். ஆள் விட்டுத் தூர்வாரி வைத்திருந்தார்கள்.

"விழா முடிஞ்சதும் உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும் சார்" என்று தலைமையாசிரியரிடம் காலையிலேயே சொல்லி வைத்துவிட்டார் அருளப்பன்.

"பேசலாம், பேசலாம். முதல்ல பிள்ளைங்க எங்க? ஊராட்சித் தலைவர் வந்துட்டாரு."

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வராந்தாவில்தான் நின்றார்கள். தூணோடு தூணாக. யாரும் படியிறங்கவில்லை. காளீஸ்வரி முன்னால் நின்றாள்.

"எட்டாம் வகுப்பைக் கூப்பிடுங்க. இதுங்களை அப்புறம் கவனிச்சுக்கறேன்" என்றார் தலைமையாசிரியர், பல்லைக் கடித்துக்கொண்டு.

ஊராட்சித் தலைவர் கையில் ஒரு புங்கங்கன்றைக் கொடுத்தார்கள். போட்டோக்காரர் தோதான இடம் பார்த்து நின்றார். அருளப்பன் வழிகாட்டிக்கொண்டு முதல் குழியருகே போனார்.

குழி ஓரத்தில், தூர்வாரிய மண்ணோடு, போன வருஷத்துக் கன்று கிடந்தது. கன்று என்ன கன்று, காய்ந்த குச்சி. வேரோடு பிடுங்கிப் போட்டிருந்தார்கள்.

குச்சியில் ஒரு ரிப்பன் கட்டியிருந்தது. பள்ளிக்கூடத்துப் பச்சை ரிப்பன். வெளுத்துப்போய், ஆனால் பூப்போல முடிச்சுப் போட்டு, பத்திரமாகக் கட்டியிருந்தது.

அருளப்பன் அதைக் கையில் எடுத்தார். எந்தப் பிள்ளையோ தலையிலிருந்து அவிழ்த்து இதற்குக் கட்டியிருக்கிறாள். அக்கறையே இல்லை என்று பக்கத்து ஊர் வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தோமே என்று நினைத்தார். அவமானமாக இருந்தது.

உள்ளங்கால் நினைவுக்கு வந்தது. செருப்பைக் கழற்றினார். குழிக்குள் இறங்கினார்.

"சார், என்ன பண்றீங்க?" என்றார் தலைமையாசிரியர்.

அருளப்பன் கையில் குச்சியோடு வெயிலில் நின்றார். மைக்செட்காரர் பாட்டை நிறுத்திவிட்டார். ஊராட்சித் தலைவர் கன்றை வைத்துக்கொண்டு நடுவதா வேண்டாமா என்று முழித்தார். நடுகிற இடத்தில் வாத்தியார் நிற்கிறாரே.

வராந்தாவில் சலசலப்பு. பிறகு காளீஸ்வரி படியிறங்கி வந்தாள். அவள் பின்னால் ஒவ்வொருத்தராக வகுப்பே வந்தது.

"மேல வாங்க சார். கொப்புளம் போட்டுடும்" என்றாள்.

"இது யாரோட ரிப்பன்?"

அவள் கொஞ்சம் தயங்கினாள்.

"என்னோடது சார்."

"எதுக்குக் கட்டின?"

"என் கன்னு எதுன்னு தெரியணும்ல. போன வருஷம் நட்டதும் சனி ஞாயிறுல தண்ணி ஊத்த வந்தேன் சார். ஸ்கூல் கேட்டு பூட்டியிருந்துச்சு. கம்பி வழியா பார்த்தேன். ரிப்பன் தெரிஞ்சுச்சு. வாட ஆரம்பிச்சிருந்துச்சு." சொல்லிக்கொண்டே அவர் கையிலிருந்த குச்சியைப் பார்த்தாள். "ஆறாம் வகுப்புலேருந்து வருஷம் ஒண்ணு சார். எல்லாமே செத்துப்போச்சு. எல்லாருக்கும்தான். இனிமே எங்களால முடியாது சார்."

"ஏம்மா, இதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே சார். மழை வந்ததும் ஐப்பசியில நடலாமான்னு கேட்டேன். நீங்க பருவக்காற்று நடத்திட்டு இருந்தீங்க. பாடத்துல இல்லாததைக் கேட்காத, உட்காருன்னீங்க."

அருளப்பனுக்கு அது நினைவில்லை. எவ்வளவோ யோசித்துப் பார்த்தார், நினைவில்லை. காலில் பட்ட சூட்டைவிட அது அதிகமாகச் சுட்டது.

பருவக்காற்றை அவர் பிரமாதமாக நடத்துவார். போர்டு முழுக்க அம்புக்குறி போடுவார். எந்த மாதம், எந்தத் திசை, எவ்வளவு மழை, எல்லாம் தலைகீழ்ப் பாடம். ஜூன் மாதம் வந்தால் சுற்றறிக்கை வரும், கன்று வரும், குழி தோண்டுவார்.

"சரி" என்றார் அருளப்பன், குழிக்குள் நின்றபடியே. "இப்ப நான் கேக்கறேன். எப்ப நடலாம்?"

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கேட்பது சார்தானா என்று சந்தேகம்.

"ஐப்பசியில சார்" என்றான் ஒருவன் மெதுவாக.

"அதுவரைக்கும் இந்தக் கன்னுங்களை என்ன பண்றது?"

"எங்க வீட்ல பாத்திரம் விளக்குற இடத்துல ஈரம் இருந்துட்டே இருக்கும் சார். நான் ரெண்டு கொண்டு போறேன்."

"எங்க வீட்டுத் தண்ணித்தொட்டிக்கிட்ட நிழல் இருக்கு."

"எங்க வீட்ல ஆடு இருக்கு சார். நான் மொட்டைமாடியில..."

"மொட்டைமாடியில வெயில்டா லூசு. எங்க வீட்ல வை."

அவ்வளவுதான். யாரும் சொல்லாமலே பிள்ளைகள் நிழலுக்கு ஓடினார்கள். ஆளுக்கொரு பை, சிலருக்கு இரண்டு. கைக்குழந்தையைத் தூக்குவதுபோல இடுப்பில் வைத்துக்கொண்டார்கள். ஒரு பையன் ஊராட்சித் தலைவர் கையிலிருந்த கன்றையும் பக்குவமாக வாங்கிக்கொண்டான். அவரும் விட்டால் போதும் என்று கொடுத்துவிட்டார். போட்டோக்காரர் மட்டும் யாரையும் கேட்காமல் படம் எடுத்துக்கொண்டே இருந்தார்.

காளீஸ்வரி அருளப்பன் கையிலிருந்த காய்ந்த குச்சியை வாங்கினாள். ரிப்பனை அவிழ்த்தாள். ஒரு வேப்பங்கன்றை எடுத்து அதில் கட்டினாள். பழைய முடிச்சையே போட்டாள்.

பிறகு போகாமல் நின்றாள்.

"என்னம்மா?"

"ஒரு சந்தேகம் சார்." இழுத்தாள். "பாடத்துல இல்லாதது."

அருளப்பன் குழியின் விளிம்பில் உட்கார்ந்தார். சுட்டது. எழுந்திருக்கவில்லை.

தலைமையாசிரியர் வேர்த்து விறுவிறுக்க ஓடிவந்தார்.

"எந்திரிங்க சார், மானம் போகுது. விழா முடிஞ்சதும் ஏதோ பேசணும்னீங்களே, என்ன அது?"

"அப்புறம் பேசலாம் சார்" என்றார் அருளப்பன். "கிளாஸ் நடந்துட்டு இருக்கு."

காளீஸ்வரி பக்கம் திரும்பினார்.

"நீ கேளும்மா."