எடுக்க ஆளில்லாத பட்டம்

லுவோ ஷான் சாவுக்குப் பயந்துதான் சீடனானான். அதை அவன் யாரிடமும் ஒளித்ததில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்பு, ஒரு வசந்த காலத்தில், அவன் மனைவி இருமி இருமியே போய்ச் சேர்ந்தாள். காரியமெல்லாம் முடிந்த மறுநாளே மலையேறி, வைத்தியத் துறவி மியாவ்ஷினின் மடத்து வாசலில் போய் நின்றான். அவனுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. குரு மியாவ்ஷினுக்கு முப்பத்தைந்துகூட இருக்காது.

"என்ன வேண்டும்?" என்று கேட்டார் அவர்.

"நோய் வராமல் இருக்க வேண்டும்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

குரு அவனை உள்ளே விட்டார்.

சும்மா சொல்லக் கூடாது, கற்றுக்கொண்டதை அவனைப் போல யாரும் கடைப்பிடித்ததில்லை. வசந்தம் பிறக்கும் நாளில் ஊரார் நோய் அண்டாது என்று சாஸ்திரத்துக்கு ஒரு துண்டு முள்ளங்கியைக் கடித்துவிட்டுப் போவார்கள். இவன் முழு முள்ளங்கியையும் கண்ணில் நீர் வழிய மென்று தீர்ப்பான். குளிர் விட்டது என்று எல்லோரும் பஞ்சு வைத்துத் தைத்த அங்கியைக் கழற்றிவிடுவார்கள். இவன் மட்டும் வேர்த்து விறுவிறுத்தபடி இன்னும் ஒரு மாதம் அதற்குள்ளேயே கிடப்பான். பின்பனிக் காற்று முதுகில் படக் கூடாதாம். யாராவது ஒரு தும்மல் தும்மினால் போதும், ஆள் அடுத்த தெருவில் இருப்பான்.

இந்தக் குளிர்காலத்தில் அவன் ஒரே மகள் யூ சியாவுக்கு அதே இருமல் வந்தது.

மலையடிவாரத்து வீட்டில் அவள் தனியாகப் படுத்திருந்தாள். தினமும் காலையில் குருவும் சீடனும் இறங்கிப் போவார்கள். அவன் கஷாயத்தைச் சுமந்து வந்து வாசற்படியில் வைத்துவிட்டு, முற்றத்தின் கடைசிக்குப் போய் நின்றுகொள்வான். குரு உள்ளே போய்க் கஞ்சி ஊட்டி, உடம்பைத் துடைத்துவிட்டு, நாடி பார்த்து வருவார். மகளின் முகத்தை அவன் பார்த்து மூன்று மாதமாகிவிட்டது. இருமல் மட்டும் கேட்கும். கேட்கும்போதெல்லாம் உள்ளே ஓடலாம் என்று தோன்றும். கால் மட்டும் நகராது.

முன்னோர் கல்லறைகளைப் பெருக்கிக் கும்பிடும் சிங்மிங் நாளுக்கு முந்தின காலை, குரு வெளியே வந்து கையைக் கழுவினார்.

"நாடி நூலாகிவிட்டது. அதிக நாள் இல்லை," என்றார். "அப்பா வந்திருக்கிறாரா என்று இன்றைக்கும் கேட்டாள்."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"முற்றத்தில் நிற்கிறார் என்றேன்."

"அதற்கு அவள்?"

"காற்றில் நிற்க வேண்டாம், உடம்புக்கு ஆகாது என்று உங்களிடம் சொல்லச் சொன்னாள்."

லுவோ ஷான் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

"உள்ளே வருகிறீர்களா?"

"பயமாக இருக்கிறது குருவே. இவள் அம்மா பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தவன் நான். எனக்கும் வந்துவிட்டால்?"

குரு வற்புறுத்தவில்லை.

"நாளைக்கு அவளுக்காகப் பட்டம் விடட்டுமா?" என்று கேட்டான் அவன்.

அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம். நோயைப் பட்டத்தில் எழுதி, சிங்மிங் அன்று உயரே ஏற்றி, நூலை அறுத்துவிடுவார்கள். நோய் பட்டத்தோடு போய்விடும் என்பது நம்பிக்கை. விழுந்த பட்டத்தை மட்டும் யாரும் தொட மாட்டார்கள். எடுக்கிறவருக்கு அந்த நோய் வந்துவிடுமாம்.

"விடுங்கள்," என்றார் குரு. "தகப்பன் ஆசைப்படுவதைத் தடுக்க நான் யார்?"

மறுநாள் கல்லறை மேட்டில் கூட்டமான கூட்டம். மாசிபத்திரிச் சாறு கலந்த பச்சைக் கொழுக்கட்டைகளை முன்னோருக்குப் படைத்துவிட்டு, ஆளாளுக்குப் பட்டம் விட்டார்கள். லுவோ ஷானின் பட்டத்தில் 'யூ சியாவின் இருமல்' என்று பெரிதாக எழுதியிருந்தது. அது ஏறு ஏறென்று ஏறியது. நூலை அறுத்ததும் ஆற்றைத் தாண்டிப் போய்க் கண்ணுக்கு மறைந்தது. அப்பாடா என்று தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அன்று சாயங்காலம் பிடித்த மழை விடவேயில்லை. விடிந்ததும் படகோட்டி பெங் சொட்டச் சொட்ட நனைந்து மடத்துக்கு ஓடிவந்தான்.

"எந்தப் புண்ணியவான் விட்ட பட்டமோ, என் கூரையில் வந்து விழுந்து கிடக்கிறது! இருமல் என்று எழுதியிருக்கிறது. என் பெண்டாட்டி ஒன்பது நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். கவிழ்த்த படகுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறாள். பட்டம் இருக்கும்வரை வீட்டுக்குள் வரமாட்டேன் என்கிறாள். பிள்ளை நடுங்குகிறது. ஊரில் ஒருத்தரும் ஏற மாட்டேன் என்கிறார்கள்."

"நீங்கள் எடுக்கலாமே?" என்றார் குரு.

"நான் எடுத்துவிட்டு, அப்புறம் என் பிள்ளையை எப்படித் தூக்குவேன்?"

லுவோ ஷானுக்கு விஷயம் புரிந்துவிட்டது. குருவைத் தனியே அழைத்தான்.

"என் பட்டம்தான் குருவே. அதை எடுத்தால் நோய் மறுபடியும் யூ சியாவிடம் வந்துவிடாதா?"

"எடுக்கிறவருக்குத்தானே வரும் என்பார்கள்?"

"ஆமாம்."

"யூ சியாவா எடுக்கப்போகிறாள்?"

குரு ஓலைத் தொப்பியை மாட்டிக்கொண்டு, சுவரில் சாய்த்திருந்த ஏணியைத் தூக்கித் தோளில் வைத்தார்.

"நீங்களா போகிறீர்கள்?"

"குழந்தை மழையில் இருக்கிறதே."

"ஐயோ, உங்களுக்கு வந்துவிட்டால்? அவளுக்கு யார் கஞ்சி ஊட்டுவது?"

"தெரியவில்லை," என்றார் குரு.

அவர் வாசல் படலைத் தாண்டிவிட்டார். லுவோ ஷான் பின்னாலேயே ஓடினான். ஏணியைப் பிடித்து இழுத்துத் தன் தோளில் மாற்றிக்கொண்டான். எப்படிச் செய்தோம் என்று அவனுக்கே விளங்கவில்லை. குருவை இக்கரையிலேயே விட்டுவிட்டு, பெங்கின் படகில் ஏறி உட்கார்ந்தான். திரும்பிப் போய்விடு என்று மனசு அடித்துக்கொண்டது. படகு அதற்குள் நடு ஆற்றுக்கு வந்துவிட்டது.

கூரை வழுக்கியது. ஊரே தூரத்தில் நின்று பார்த்தது. பட்டம் நனைந்து ஓட்டோடு ஒட்டிக் கிடந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு அதைப் பிய்த்து எடுத்து, அங்கிக்குள் செருகிக்கொண்டான். கீழே இறங்குவதற்குள் பெங்கின் மனைவி குழந்தையோடு வீட்டுக்குள் ஓடிவிட்டாள். பெங் இருபது அடி தள்ளி நின்று தரையில் விழுந்து கும்பிட்டான். கிட்டே வரவில்லை. வேறொரு படகை மட்டும் அவிழ்த்துத் தள்ளிவிட்டான். லுவோ ஷான் தானே துடுப்புப் போட்டுக்கொண்டு அக்கரைக்கு வந்தான்.

நோயோடு மடத்துக்குப் போக அவனுக்குத் துணிச்சல் இல்லை. நேரே மகள் வீட்டு முற்றத்துக்கு வந்தான். கஞ்சி வேளை. குரு கிண்ணத்தோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"கிட்டே வராதீர்கள் குருவே. எடுத்துவிட்டேன்."

"குழந்தை?"

"வீட்டுக்குள் போய்விட்டது. அழும் சத்தம் நின்றுவிட்டது. பால் குடிக்கிறது போலிருக்கிறது."

"நல்லது."

"எனக்கு வந்துவிட்டது." அங்கிக்குள்ளிருந்து ஈரப் பட்டத்தை எடுத்துக் காட்டினான். "பார்த்துப் பார்த்துக் காப்பாற்றிய உடம்பு குருவே. ஆறு வருஷம்! ஒரே நாளில் எல்லாம் போயிற்று. இனி நான் என்ன செய்வேன்?"

உள்ளே யூ சியா இருமினாள். முன்பைவிட மெலிந்த இருமல்.

குரு படியிறங்கி வந்து கஞ்சிக் கிண்ணத்தை அவன் கையில் வைத்தார்.

"வந்ததுதான் வந்துவிட்டதே," என்றார். "இனி அவள் பக்கத்தில் போய் உட்காரலாமே."