பேச்சு அறாத வேகம்

"டீச்சர், நான் மெதுவாத்தான் ஓடுதேன். மூச்சுதான் என்னை விட்டுட்டு முன்னால ஓடுது."

ஆவுடையப்பன் இதைச் சொன்னது பாளையங்கோட்டை மைதானத்தில், இரண்டு முழங்காலையும் பிடித்துக் குனிந்து நின்றபடி.

கேட்டுக்கொண்டிருந்தவள் ஜெபசெல்வி. ஞானக் கதைகளில் குருவுக்குத் தாடி இருக்கும். இவளுக்கு விசில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. விடியற்காலையில் ஊர்க்காரர்களுக்கு நெடுந்தூர ஓட்டம் சொல்லிக்கொடுத்தாள். சீடரைவிட ரொம்ப இளையவள். சீடரை 'அண்ணாச்சி' என்று கூப்பிடுகிற குரு எந்தப் பரம்பரையிலும் கிடையாது. திருநெல்வேலியில் உண்டு.

"பேசிக்கிட்டே ஓடுதீங்களா?"

"ஆமா."

அதுதான் அவள் உபதேசித்த ஒரே மந்திரம். நீண்ட ஓட்டத்தில், பேச்சு அறாத வேகமே சரியான வேகம். வாக்கியம் பாதியில் அறுந்தால் வேகத்தைக் குறை. கடிகாரத்தைப் பார்க்காதே.

"இப்பல்லாம் தனியாத்தானே வாரீங்க. யார்கிட்ட பேசுதீங்க?"

ஆவுடையப்பன் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். ஓடும்போது தனிமங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவார். ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம். கால்சியம் வரை மூச்சு அறாது. அதைப் பெருமையாகவே சொன்னார்.

"அது ஒப்பிக்கிறது அண்ணாச்சி. அப்படிப் பார்த்தா கிளிகூட மாரத்தான் ஓடிரும்."

கிளி ஓடாது, பறக்கும் என்று திருத்த வாயெடுத்தார். மூச்சு இடம் கொடுக்கவில்லை.

"வாங்க, நானும் வாரேன்."

வாய்க்கால் சாலையில் இருவரும் ஓடினார்கள். இன்னும் விடியவில்லை.

"இட்லிக் கடைக்கு ஏன் வாரதில்ல?"

ஓட்டம் முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து இட்லிக் கடைக்குப் போவது அந்தக் கூட்டத்தின் வழக்கம். கொஞ்ச நாளாக அவர் போகவில்லை. மற்றவர்கள் வருமுன் வந்து, ஓடி, போய்விடுவார்.

"பரீட்சை நேரம் டீச்சர். விடைத்தாள் திருத்தணும்."

இந்தப் பொய்க்கு மூச்சு அறவில்லை.

"மதினி நல்லா இருக்காங்களா?"

"நல்லா..."

அறுந்தது.

"வேகத்தைக் குறைங்க."

குறைத்தார்.

"மதினி நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்..."

"குறைங்க."

ஓட்டம் நடையானது. அவள் மறுபடி கேட்டாள். அவர் வாயைத் திறந்தார், மூடினார்.

"இன்னும் குறைங்க."

"இதுக்கு மேல குறைச்சா நின்னுருவேன் டீச்சர்."

"நில்லுங்க."

நின்றார். நின்ற இடத்தில் மூச்சு வாங்கியது.

விஷயம் இதுதான். அவர் மனைவி காந்திமதியின் மார்பில் ஒரு கட்டி. துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். வரும் வியாழக்கிழமை முடிவு தெரியும். அதுவரை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று காந்திமதி சொல்லியிருந்தாள். ஓசூரில் இருக்கிற மகளிடம்கூட.

"நீங்க ஓடுறத விட்டுராதீங்க. வீட்டுல இருந்தா என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருப்பீங்க" என்றும் சொல்லியிருந்தாள்.

ஆகவே தினமும் கிளம்பினார். நேற்றைவிட இன்று சீக்கிரமாக. கிளம்பும்போது அவள் தூங்குவதுபோல் படுத்திருப்பாள். அவர் அதை நம்புவதுபோல் கதவைச் சாத்துவார்.

இதில் எதையும் அவர் ஜெபசெல்வியிடம் சொல்லவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை.

மூச்சு திரும்பியதும் அவர் கேட்டார். "ஓட்டத்தை நிறுத்திரவா டீச்சர்?"

"எதுக்கு? ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம் இருக்கு. கட்டாயம் போகணும்."

"சரி."

"தனியா போகக் கூடாது."

"அப்ப உங்க கூட்டத்தோட..."

"எங்க கூடயும் வேண்டாம்."

விசிலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். விசில் வாய்க்குப் போய்விட்டால் சந்தேகம் கேட்கும் நேரம் முடிந்தது என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை ஷூ கயிற்றைக் கட்டிவிட்டு ஆவுடையப்பன் கட்டிலருகே நின்றார்.

"தனியா ஓடக் கூடாதுன்னு டீச்சர் சொல்லிட்டாங்க."

"அதுக்கு?" என்றாள், தூங்கிக்கொண்டிருந்த காந்திமதி.

"நீ வாரியா?"

"கிறுக்கா உங்களுக்கு? சேலையோட ஓடவா?"

"நீ நட. நான் உன் வேகத்துக்கு ஓடுதேன்."

"பார்க்கிறவன் சிரிப்பான்."

"இருட்டுல யாரு பார்க்கப்போறா?"

வந்தாள். அவள் காலில் வீட்டுச் செருப்பு. அவர் காலில், வாங்கிய விலையை அவளிடம் குறைத்துச் சொன்ன ஷூ.

அவளுடைய நடைக்கு ஓடுவது அவர் அதுவரை செய்யாத பயிற்சியாக இருந்தது.

"தண்டவாளம் இல்லாத ரயில் மாதிரி ஒரே இடத்துல குதிக்கீங்க. பேசாம நடங்க" என்றாள்.

நடந்தார்.

அவள் பேசிக்கொண்டே வந்தாள். குக்கர் வளையம் இளகிவிட்டது. மாடி வீட்டுக்காரர்கள் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். குரல் ஒரு மாதிரி இருக்கே என்று மகள் போனில் கேட்டாள், ஜலதோஷம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். ஓர் இடத்திலும் மூச்சு அறவில்லை. டீச்சர் கேட்டிருந்தால் பதக்கம் கொடுத்திருப்பாள்.

வாய்க்கால் பாலம் வந்தது.

"நீங்க ஏன் ஒண்ணும் பேசல? பேசிக்கிட்டே ஓடணும்னுதானே உங்க டீச்சர் சொல்லுவா?"

"ஹைட்ரஜன்" என்றார்.

"அடி விழும்."

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். பாலத்தைத் தாண்டினார்கள்.

"என்னங்க."

"ம்."

"வியாழக்கிழமை, ஒருவேளை அது..."

அறுந்தது. மேடு இல்லை. வேகமும் இல்லை. சமதரையில், வீட்டுச் செருப்பு நடையில் அறுந்தது.

ஆவுடையப்பன் வேகத்தைக் குறைத்தார்.