கல்லெறிந்தவனுக்குக் கிடைத்த காவல் வேலை

வெகு காலத்துக்கு முன்னால் கொன்றை நாட்டைக் கீர்த்திவளவன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் மண்டைக்குள் ஒரு கேள்வி புகுந்துவிட்டால், பதில் தெரியும்வரை தானும் தூங்கமாட்டார், சபையில் யாரையும் தூங்கவிடவும் மாட்டார்.

ஒருநாள் காலையில் இரண்டு பேரைச் சபையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஒருத்தி அரண்மனை வைத்தியம் பார்க்கும் நாச்சியம்மை. ராணியின் காய்ச்சலுக்கு அவள் கொடுத்த கஷாயத்தால் உடம்பெல்லாம் தடித்து, ராணி படாத பாடு பட்டுத் தேறியிருந்தாள். மற்றவன் சடையன். வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையில், அடுத்த வீட்டுப் பவளாயியின் பானையை உடைக்க ஒரு கல்லை விட்டெறிந்தான். குறி தப்பி, அவள் குழந்தையின் தொட்டிலில் ஏறிக்கொண்டிருந்த நாகப்பாம்பின் தலையில் கல் விழுந்தது. பாம்பு செத்தது, குழந்தை பிழைத்தது.

ராஜாவுக்குக் கேள்வி பிறந்துவிட்டது. "நல்லது நினைத்தவள் கையால் கெடுதல். கெட்டது நினைத்தவன் கையால் நல்லது. இதில் யாருக்குப் புண்ணியம், யாருக்குப் பாவம்?"

முதலில் எழுந்தவர் பூபாலதேவர், சபையில் மூத்தவர். அமைச்சர் சோலைநம்பியைக் கண்டால் அவருக்கு ஆகாது. அமைச்சர் அரண்மனைக்கு அழைத்து வந்த நாச்சியம்மையைக் கண்டாலும் ஆகாது. போதாததற்கு, அவருடைய மைத்துனன் வைத்தியம் படித்துவிட்டு வேலையில்லாமல் வீட்டில் இருந்தான்.

"பிரபு, மனசுக்குள் இருப்பதை யார் கண்டது? பலனைப் பார்த்தால் போதும். குழந்தையைக் காப்பாற்றியவனுக்குப் பரிசு, ராணியை வருத்தியவளை நாட்டைவிட்டு அனுப்பிவிடுங்கள்."

ராஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று. "அப்படியே ஆகட்டும். அமைச்சரே, நீர் என்ன சொல்கிறீர்?"

"நான் என்ன சொல்ல, பிரபு. பரிசை மட்டும் பொருத்தமாகக் கொடுங்கள்" என்றார் சோலைநம்பி. "கல்லால் உயிர் காத்தவன். கையில் கல்லோடு உங்கள் சிம்மாசனத்துக்குப் பின்னால் காவல் நிற்கட்டும். அந்த அம்மாளைச் சாயங்காலம் அனுப்பிக்கொள்ளலாம்."

ராஜா சிரித்துக்கொண்டே சம்மதித்தார். சடையன் பின்னால் போய் நின்றான்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் ராஜாவுக்குப் பிடரியில் குறுகுறுத்தது. கல் எந்தக் கையில் இருக்கிறது? இவன் தண்ணீருக்காகத்தானே கல்லெறிந்தான்? அந்த வாய்க்கால் மதகை அடைக்கச் சொன்னது யார்? நாம்தான். ராஜா மெல்லத் திரும்பிப் பார்த்தார். மறுபடி பார்த்தார். அடுத்து வந்த வழக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

"அமைச்சரே, இவனை வேறெங்காவது காவலுக்கு அனுப்பினால் என்ன?"

"பூபாலதேவர் வீட்டுக்கு அனுப்பலாம், பிரபு. தொட்டிலில் பேரக்குழந்தை இருக்கிறது."

"எங்கள் வீட்டில் இடம் நெருக்கடி" என்றார் பூபாலதேவர் அவசரமாக. அவர் வீட்டுக் கூடத்தில் யானையே புரளலாம் என்பது ஊருக்கே தெரியும். சபை வாயைப் பொத்திக்கொண்டது.

உச்சிவேளை ஆவதற்குள் திரும்பித் திரும்பிப் பார்த்த ராஜாவுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. இந்தப் பக்கமும் அசையவில்லை, அந்தப் பக்கமும் அசையவில்லை.

பூபாலதேவர் முன்னால் வந்தார். "என் மைத்துனனைக் கூப்பிடுகிறேன், பிரபு. அவன் மருந்தால் இதுவரை யாருக்கும் கெடுதல் வந்ததில்லை."

"இதுவரை அவர் யாருக்கும் மருந்து கொடுத்ததில்லை" என்றார் சோலைநம்பி.

"நாச்சியம்மையைக் கூப்பிடுங்கள்" என்றார் ராஜா. சொன்ன பிறகுதான், தான் சொன்னது அவருக்கே உறைத்தது.

அவள் எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு வந்து கழுத்தைத் தடவிவிட்டாள். ராஜா கேட்டார்: "உன்னை நாட்டைவிட்டு அனுப்பச் சொன்னவன் நான். என் கழுத்து இப்போது உன் கையில் இருக்கிறது. மனசில் என்ன நினைக்கிறாய்?"

"வலி எந்த இடத்தில் என்று நினைக்கிறேன், மகாராஜா."

"ராணிக்கும் நல்லதைத்தானே நினைத்தாய்?"

"நினைத்தேன். நினைத்தால் மட்டும் போதாதே. வேரை முகர்ந்து பார்த்து இடித்திருக்க வேண்டும். அவசரத்தில் பார்க்கவில்லை. அதே சாயலில் வேறொரு வேர் கலந்திருந்தது. அது என் தப்புதான்."

சிம்மாசனத்துக்குப் பின்னால் கல்லைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. சடையன் முன்னால் வந்தான்.

"சாமி, எனக்கு இந்த வேலை வேண்டாம். பவளாயி என்னைக் கும்பிட்டு, குழந்தையை என் கையில் கொடுத்தா. எனக்குக் கூசிப்போச்சு. பக்கத்துல குழந்தை கிடக்குதேன்னு நான் யோசிக்கவே இல்ல. அந்தக் கல்லு ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தா..."

ராஜாவின் கழுத்து இப்போது திரும்பியது. பூபாலதேவர் பக்கம் திரும்பினார்.

"உம்மால் இன்று எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. கல் போய் எங்கே விழும் என்பது இவன் கையில் இல்லை. எந்த மனசோடு அதை எடுத்தான் என்பது இவன் கையில் இருந்தது. நாளைக்கு எடுக்கப்போகும் கல்லும் அதே மனசிலிருந்துதான் வரும். அதனால்தான் என் கழுத்து பிடித்துக்கொண்டது. இப்போது சொல்லும். பலனை மட்டும் பார்ப்பதென்றால், எனக்கு நல்லது செய்த உமக்குப் பரிசு தரவேண்டும். கல்லோடு ஒரு முரடனைத் தேடிப் பிடித்து உம் வீட்டுத் தொட்டில் பக்கம் நிறுத்துவேன். அதுதான் பரிசு. இல்லை, மனசையும் பார்க்கட்டுமா?"

பூபாலதேவருக்குப் பேரனின் முகம் கண்ணுக்குள் வந்துபோனது.

"மனசையும் பாருங்கள், பிரபு" என்றார் மெதுவாக.

"பார்த்தேன். உம் மைத்துனன் தெரிகிறான்."

சோலைநம்பிக்குத் தன் பட்டுச் சால்வையையே போர்த்தினார் ராஜா. மதகு அன்றே திறந்தது. சடையன் பவளாயி வீட்டுக்குத் தண்ணீர் சுமக்கப் போனான். நாச்சியம்மை அரண்மனையிலேயே இருந்தாள். அவளுக்கு வரும் வேர்களைப் பொறுக்கிச் சுத்தம் செய்துதரும் வேலை பூபாலதேவருக்கும் மைத்துனனுக்கும் கிடைத்தது.

தும்மித் தும்மி மூக்கு சிவக்க ஒவ்வொன்றாக முகர்ந்து, ஒரு கூடையை நகர்த்தி வைத்தார் பூபாலதேவர். நாச்சியம்மை அதைத் திரும்ப அவர் முன்னால் வைத்தாள்.

"இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள், ஐயா. குடிக்கப்போவது யாரோ எவரோ."