மேசைமேல் விட்ட இதழ்

"அவன் எழுதுற இதழை வாங்குவீங்க, நான் எழுதுற இதழை நிறுத்துவீங்க. இது என்ன நியாயம் மேடம்?"

சொக்கலிங்கத்துக்கு வயிறு எரிந்தது. மனுஷர் நூலகவியல் பேராசிரியர், தலை பாதி நரைத்தவர். எந்த ஆய்விதழை யார் படிக்கிறார்கள், யார் மேற்கோள் காட்டுகிறார்கள் என்று கணக்கெடுப்பதுதான் அவருடைய ஆராய்ச்சியே. அந்தக் கணக்கே இப்போது அவருக்கு வேட்டு வைத்துவிட்டது.

எதிரே இருந்தவர் பல்கலைக்கழக நூலகர் பிலோமினா. வயதில் சின்னவர்தான். ஆனாலும் அவரிடம்தான் சொக்கலிங்கம் ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கினார். அதே துறை இளஞ்சேரனும் அவரிடம்தான் வாங்கினான். அவன்மேல் இவருக்கு அன்றைக்குப் பிடித்த புகைச்சல் இன்னும் அடங்கவில்லை.

நூலகத்தில் பணத் தட்டுப்பாடு; அடுத்த வருடம் இரண்டு இதழில் ஒன்றைத்தான் வாங்க முடியும். வாசகர் கணக்கில் முந்தி நிற்கும் 'நூலக அளவை'யில் எழுதுவது இளஞ்சேரன். 'இதழாய்வு'தான் சொக்கலிங்கத்தின் கட்டுரைகளைப் போடும் ஒரே இதழ். அதுவும் நின்றுபோனால் இந்த வளாகத்தில் அவர் எழுத்துக்கு இடமே கிடையாது.

"'நூலக அளவை'யை நீங்க படிக்கிறதுண்டா?"

படிக்காமல் என்ன? இளஞ்சேரன் எங்கே சறுக்கியிருக்கிறான் என்று வாசக அறையில் உட்கார்ந்து வரிவரியாகத் தேடுவார். மறுநாளும் எடுப்பார். போதாததற்கு, தான் எழுதும் கட்டுரை ஒவ்வொன்றிலும் அவனை மேற்கோள் காட்டி, அவன் சொன்னது தப்பு என்று நாலு வரி எழுதாமல் விடமாட்டார். இதையெல்லாம் பெருமையாகவே சொன்னார்.

படித்துவிட்டு இதழை என்ன செய்வீர்கள் என்று கேட்டார் பிலோமினா.

மேசைமேல் விட்டுவிட்டு வருவேன், அதுதானே விதி என்றார் இவர். வாசகர்கள் எதையும் அலமாரியில் திருப்பி வைக்கக் கூடாது. மேசையில் கிடப்பதைத்தான் சாயங்காலம் ஊழியர்கள் எண்ணி வாசகர் கணக்கில் சேர்ப்பார்கள். மாணவர்களுக்கு இதைப் பாடமாக நடத்துகிறவரே அவர்தான்.

"உங்க இதழை?"

அதைக் கண்ட இடத்தில் போட்டுவிட்டு வர அவருக்கு மனசு வராது. தன் கட்டுரையை ஆசை தீரப் படித்து, தூசி தட்டி, தன் கையாலேயே அலமாரியில் வைத்துவிடுவார்.

சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. அடப்பாவி, என்ன காரியம் செய்தேன் என்று நெற்றியில் கைவைத்தார்.

"அப்போ நான் படிச்சதையெல்லாம் கணக்கிலேருந்து கழிச்சிடுங்க மேடம்."

"கழிச்சா ஒண்ணும் மிஞ்சாது சார். கோடையில நீங்க ஊருக்குப் போயிருந்தப்போ ரெண்டுமே அலமாரியை விட்டு இறங்கலை. ரெண்டையும் படிக்கிறது நீங்க ஒருத்தர்தான்."



பிலோமினா டிராயரைத் திறந்து, அன்று காலை வந்த இரண்டு புது இதழ்களை அவர் முன்னால் வைத்தார். உறை பிரிக்காத இதழ்கள்.

"இருக்கிற ஒரே வாசகர் நீங்க. எது வேணுமோ எடுங்க. அதையே வாங்கிடுறேன்."

'இதழாய்வு' அட்டையில், கண்ணாடித்தாள் உறைக்குள்ளே, சொக்கலிங்கத்தின் பெயர் கொட்டை எழுத்தில் தெரிந்தது. அவரும் பார்த்தார்.

அதற்குள் அவர் கை 'நூலக அளவை'யின் உறையைக் கிழித்துவிட்டிருந்தது.

"ஒரு நிமிஷம் மேடம். இந்தத் தடவை என்ன எழுதித் தொலைச்சிருக்கான்னு பார்த்துடுறேன்."