இரண்டாவது ஒயர்

கொல்லிமலை அடிவாரத்தில் தில்லைநாயகி கார் பட்டறை வைத்திருந்தாள். வயது முப்பத்திரண்டு. அவளிடம் தொழில் கற்ற பொன்னுரங்கத்துக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இருபத்தைந்து வருஷம் கார்புரேட்டர் கழுவிய கை. கம்ப்யூட்டர் வைத்த வண்டிகள் வந்தபின் அவராகவே தேடி வந்து, "எனக்குச் சொல்லிக்கொடு அம்மணி" என்று சேர்ந்துகொண்டார்.

ஒருநாள் காலை மலையிலிருந்து சடையப்பனின் வண்டி வந்தது. சிறுநீரகம் கெட்ட மூன்று பேரை வாரம் இருமுறை கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிற வண்டி.

"மஞ்சள் லைட் எரிஞ்சா அப்புறம் எவ்வளவு மிதிச்சாலும் நடைதானுங்க. நேத்து பின்னாடி வந்த எருமை, ஒதுங்குடான்னு முறைச்சுது" என்றான் சடையப்பன். அன்று மத்தியானத்துக்குள் அவன் மேலே போய் அந்த மூவரையும் ஏற்றியாக வேண்டும்.

தில்லைநாயகி சாமான் வாங்க நாமக்கல் போயிருந்தாள். பொன்னுரங்கம் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார். ஆக்ஸிலரேட்டர் பெடலில் இரண்டு சென்சார்கள். கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதை இரண்டும் தனித்தனி ஒயரில் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று ஸ்கேனர் காட்டியது. எது தவறு என்று காட்டவில்லை.

தில்லைநாயகி திரும்பியபோது மஞ்சள் லைட் அணைந்திருந்தது. சடையப்பன் கிளம்பத் தயாராக நின்றான்.

"எது கெட்டிருந்துச்சுங்கண்ணா?"

பொன்னுரங்கம் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

"கண்டுபிடிக்கலை அம்மணி. இரண்டாவது ஒயரை வெட்டிட்டு, முதல் ஒயர்லயிருந்தே அதுக்கும் கனெக்‌ஷன் கொடுத்துட்டேன். அளவு சரியா வர்றதுக்கு ரெசிஸ்டர் வெச்சிருக்கேன். இனி இரண்டும் எப்பவும் ஒத்துப்போகும்."

"இப்ப புலி மாதிரிப் பாயுதுங்க" என்றான் சடையப்பன்.

தில்லைநாயகி அவனிடம் சாவிக்குக் கை நீட்டினாள்.

வண்டியை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பொன்னுரங்கத்தை டிரைவர் சீட்டில் உட்காரவைத்தாள். இன்ஜின் அமைதியாக ஓடியது.

"பெடல்ல கால் வைக்காதீங்க."

"வைக்கலை."

அவள் கதவருகே மண்டியிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே போகும் ஒயர்க் கட்டைப் பிடித்து மெல்ல அசைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் உள்ளே கைவிட்டு, இரும்புக் கிளாம்ப் இருந்த இடத்தில் அசைத்தாள்.

இன்ஜின் அலறியது. பொன்னுரங்கத்தின் இரண்டு கால்களும் தரையில்தான் இருந்தன.

அவள் கையை எடுத்தாள். அலறல் அடங்கியது.

சடையப்பன் மலைப் பக்கம் பார்த்தான். எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அதன்பின் அவன் புலியைப் பற்றிப் பேசவில்லை.

கிளாம்பைக் கழற்றியபோது முதல் ஒயரின் தோல் தேய்ந்து, கரண்ட் வரும் ஒயரோடு உரசிக்கொண்டிருந்தது தெரிந்தது. உரசும்போதெல்லாம், கால் அழுத்துவதாகக் கம்ப்யூட்டருக்குப் பொய் போயிருந்தது. பொன்னுரங்கம் வெட்டிய இடம் தவிர, இரண்டாவது ஒயரில் ஒரு கீறல்கூட இல்லை. அவள் தேய்ந்த இடத்தைச் சரிசெய்தாள். பொன்னுரங்கம் ரெசிஸ்டரைப் பிடுங்கிவிட்டு, தான் வெட்டியதைத் தானே ஒட்டவைத்தார். சடையப்பன் மேலே இருந்தவர்களுக்குப் போன் போட்டு, ஒரு மணி நேரம் தாமதமாகும் என்று சொன்னான்.

வண்டி மலையேறிப் போனபின் பொன்னுரங்கம் கேட்டார்:

"நான் விட்டுவெச்சதுதான் பொய் சொன்ன ஒயர், வெட்டினது உண்மை சொன்ன ஒயர். உனக்கு அது முதல்லயே எப்படித் தெரிஞ்சுது அம்மணி?"

"எனக்குத் தெரியலைங்கண்ணா. அந்த வண்டிக்கும் தெரியலை. அதனாலதான் அது மெதுவாப் போச்சு."