தேசப்பன் கேட்ட கயிறு

பொன்னம்பலத்துக்கு முடிச்சுகளில் அபார நம்பிக்கை. பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பது வருஷம் காகிதக் கட்டுகளைக் கட்டிவைத்தே தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற மறுவாரமே கழிக்கரைச் சாமியிடம் சீடராக வந்து சேர்ந்தார். சாமி அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். அதில் அவருக்கு ஒன்றும் குறையில்லை. சாமி தன்னை ‘நீங்க’ என்று மரியாதையாக அழைப்பதில்தான் குறை. சொந்தச் சீடனிடம் யாராவது அப்படிப் பேசுவார்களா?

அந்த வருஷம் வெள்ளத்தில் கால்வாயின் தென்கோடி ஊரில் நாற்றங்கால் மொத்தமும் அழுகிப்போயிற்று. மூன்று நாளைக்குள் மறுபடி விதைத்தால்தான் அவர்களுக்கு அந்த வருஷச் சோறு. சாலையெல்லாம் அறுந்து கிடந்தது. சாமி தம்முடைய பாய்மரப் படகில் முப்பது மூட்டை விதைநெல்லை ஏற்றினார். துணைக்குப் பொன்னம்பலம்.

வழியில் ஒரு லாக்கு வந்தது. மேட்டுத் தண்ணீரிலிருந்து பள்ளத்துத் தண்ணீருக்குப் படகை இறக்கும் இடம். கல்லால் கட்டிய ஆழமான தொட்டி, முன்னும் பின்னும் பெரிய மரக்கதவுகள். படகு உள்ளே போனதும் பின்கதவை மூடுவார்கள். முன்கதவின் அடியில் இருக்கும் பலகையைத் தூக்கினால் தண்ணீர் வடியும். படகும் கூடவே இறங்கும்.

சாமி பாயைச் சுருட்டி வைத்தார்.

“முன்கயிறு எனக்கு, பின்கயிறு உங்களுக்கு. மேல இருக்கிற குத்துக்கல்லுல ஒரு சுத்து போட்டு, நுனியைக் கையில பிடிச்சுக்குங்க. தண்ணி இறங்க இறங்க விட்டுக்கொடுங்க.”

“சரிங்க சாமி.”

லாக்குக்காரர் தேசப்பன் பலகையைத் தூக்கினார். தண்ணீர் வடிய ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்துத் தூறல் போட்டது.

விதை நனைந்துவிடுமே என்று பொன்னம்பலத்துக்குப் பதறியது. மூட்டைகள் மேல் கித்தானை இழுத்துவிட வேண்டும், அதற்கு இரண்டு கையும் வேண்டும். கயிற்றின் நுனியைப் படகின் குறுக்குச் சட்டத்தில் கட்டினார். ஒரு முடிச்சு போதாது என்று இரண்டு போட்டார். மனசு கேட்காமல் மூன்றாவதும் போட்டார்.

கித்தானை விரித்து நிமிர்ந்தபோது படகு சாய்ந்திருந்தது. தண்ணீர் கீழே போய்க்கொண்டிருந்தது, படகின் பின்புறம் மட்டும் கயிற்றில் தொங்கியது. மூட்டைகள் முன்பக்கம் சரிந்தன. ஒன்று தண்ணீரில் விழுந்தது. முன்விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்தது. பொன்னம்பலம் முடிச்சைப் பிய்த்தார், நகம் பெயர்ந்ததுதான் மிச்சம்.

“கயித்தை எவன்யா கட்னது?” என்று மேலிருந்து தேசப்பன் கத்திக்கொண்டே பலகையை இறக்கி வடிகாலை அடைத்தார். “சாமி, அறுத்து வுடு!”

சாமி அரிவாளை எடுத்து ஒரே வெட்டில் அறுத்தார்.

படகின் பின்புறம் தொப்பென்று தண்ணீரில் விழுந்தது. விழுந்த வேகத்தில் படகு பக்கவாட்டில் சுவரை நோக்கிப் பாய்ந்தது. படகின் பலகை உடைந்து எல்லாம் அடியில் போகப்போகிறது என்று பொன்னம்பலம் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

மெத்தையில் விழுந்த மாதிரி ஒரு சத்தம்தான் கேட்டது.

கண்ணைத் திறந்தார். சுவர் நெடுக, மேலிருந்து கீழ் வரை, ஆள் தடிமனுக்குக் கயிற்று உருண்டைகள் தொங்கின. படகு அவற்றில் ஒன்றில் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. கீறல்கூட இல்லை.

சாமி மிதந்த மூட்டையைக் கொக்கியால் இழுத்து ஏற்றினார். தண்ணீரை ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்த்தார்.

“வெள்ளத் தண்ணிதான், உப்பு இல்ல. விதைக்குறதுக்கு முன்னாடி எப்படியும் ஊறப்போடத்தானே போறாங்க.”

அவர் திட்டியிருந்தால் பொன்னம்பலத்துக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். உள்ளே வந்த தண்ணீரை இருவருமாக இறைத்து முடித்து, மூட்டைகளை அடுக்கினார்கள். பிறகு பொன்னம்பலம் அறுந்த கயிற்றைச் சுருட்டித் தம் துணிப்பைக்குள் ஒளித்துக்கொண்டு எழுந்தார்.

“நான் இங்கேயே இறங்கிக்கிறேன் சாமி.”

“ஏன்?”

“ஒரு ஊரோட சோத்தைத் தண்ணில கொட்டப் பார்த்தேன். ஒரு கயிறு பிடிக்கத் தெரியாதவனுக்குச் சீடன்னு பேரு எதுக்கு? நடந்தே திரும்பிப் போறேன்.”

பொன்னம்பலம் சுவரில் பதித்த படிகளைப் பிடித்து மேலே ஏறினார். தேசப்பன் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

“அந்தக் கயித்தைக் குடு பெரியவரே.”

அலுவலகத்தில் ஒரு பொருளை இப்படிக் கேட்டால் அடுத்தது விசாரணைதான்.

“புகார் எழுதப்போறீங்களா?”

“எனக்கு எழுதவே தெரியாது. குடு.”

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். தேசப்பன் விளிம்பில் உட்கார்ந்து, கொக்கியால் ஒரு கயிற்று உருண்டையை மேலே தூக்கினார். அறுந்த கயிற்றை அதன்மேல் நெருக்கமாகச் சுற்றி, நுனியை உள்ளே செருகினார்.

“இன்னா அப்படிப் பாக்குற? இங்க அறுத்த கயிறு அத்தனையும் இதுலதான் கீது. எங்க மாமனார் லாக்கு பாத்த காலத்துலேர்ந்து. கட்டிட்டுத் தொங்குனவன் எவனும் கயித்தைக் குடுக்காம போனதில்ல.”

பொன்னம்பலம் குனிந்து பார்த்தார். தார் பூசிய கறுப்புக் கயிறு, பழுப்புத் தேங்காய்நார், வெளுத்துப்போன பருத்தி, எவரோ சேலையைக் கிழித்து முறுக்கியது. ஒவ்வொன்றும் ஒருவர் கட்டிவிட்டுத் தொங்கியது. சற்று முன் அவர் வந்த படகு சாய்ந்து நின்றது இவர்கள் மேல்தான்.

செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த உருண்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“நல்லா இருக்கணும், நீங்க எல்லாரும் நல்லா இருக்கணும்” என்றார்.

தேசப்பன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு உருண்டையைக் கீழே இறக்கினார். மறுபடி பலகையைத் தூக்கி மிச்சத் தண்ணீரை வடித்துவிட்டு, முன்கதவைத் தள்ளித் திறந்தார். தெற்கே கால்வாய் நீண்டு கிடந்தது.

பொன்னம்பலம் பையோடு விளிம்பிலேயே நின்றார். கீழே சாமி புதுக்கயிறு ஒன்றைப் பின்பக்கம் மாட்டிக்கொண்டிருந்தார்.

“சாமி.”

“சொல்லுங்க.”

கேட்கலாமா என்று தயங்கிவிட்டுக் கேட்டார். “இதுல உங்க கயிறு உண்டா?”

சாமி சுவரை அண்ணாந்து பார்த்துக் கணக்குப் போட்டார்.

“இந்தச் சுவத்துல ரெண்டு. எதிர்ச் சுவத்துல இருக்கிறதை நாம திரும்பி வரும்போது காட்டுறேன்.”