மூன்றுமடையூர் ஊஹூம் சொன்ன கதை

எல்லோரும் வந்தாயிற்றா? சரி, கதை கேட்க வந்தவர்கள் சும்மா உட்காரக்கூடாது. நான் ஒரு வரி சொன்னால் நீங்கள் ‘உம்’ கொட்ட வேண்டும். பின்னால் சாய்ந்துகொண்டு வெற்றிலை மெல்லுகிற பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உம் நின்றால் கதையும் நின்றுவிடும். எனக்கொன்றும் நஷ்டமில்லை, வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வேன்.

முன்னொரு காலத்தில், ஆறுகளுக்குக்கூட இன்னும் பெயர் வைக்காத காலத்தில், ஓர் ஏரியை நம்பி ஓர் ஊர் இருந்தது. உம். ஏரிக்கு மூன்று மடைகள். மேட்டில் தலைமடை, நடுவில் நடுமடை, பள்ளத்தில் கடைமடை. அதனால் ஊரின் பெயர் மூன்றுமடையூர்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஊர்க்காரியம் எதுவானாலும் பௌர்ணமியன்று மாலை அம்பலத்தில் கூடித்தான் பேச வேண்டும். ஊர்த்தலைவர் காரியத்தைச் சொல்லி, “ஊருக்குச் சம்மதமா?” என்று மூன்று தரம் கேட்பார். மூன்று தரமும் யாரும் மறுக்கவில்லை என்றால் சம்மதம் என்று வைத்துக்கொள்வார்கள். பிறகு கல்தச்சன் அதைக் கல்லில் வெட்டிவிடுவான். கல்லில் வெட்டியதை மாற்றுவது லேசில் நடக்காது.

வழக்கம் என்னவோ நல்ல வழக்கம்தான். ஆனால் அதில் ஓர் ஓட்டை இருந்தது. வந்து பேசாதவனும் சம்மதித்தவன், வராமலே வீட்டில் இருந்தவனும் சம்மதித்தவன்.

தலைவர் பெரியநம்பிக்கு அந்த ஓட்டை நன்றாகத் தெரியும். ஒரு வருஷம் ஊர் மேய்ச்சல் நிலம் தனக்கு வேண்டுமென்றார். மூன்று தரம் கேட்டார், ஒருவரும் வாய் திறக்கவில்லை, கல் வெட்டியாயிற்று. மறுவருஷம் ஏரி மீன் முழுக்கத் தனக்கு வேண்டுமென்றார். மூன்று தரம் கேட்டார், ஒருவரும் வாய் திறக்கவில்லை, இன்னொரு கல்லும் வெட்டியாயிற்று.

மூன்றாம் வருஷம் அவர் மேட்டில் வெற்றிலைக் கொடிக்கால் போட்டார். கொடிக்காலுக்கு வருஷம் முழுக்கத் தண்ணீர் வேண்டும். பள்ளத்து மடையை அடைத்துவிட்டால் ஏரித் தண்ணீர் இறங்காமல் மேட்டிலேயே நிற்குமல்லவா? “வரும் பௌர்ணமியில் கடைமடையைக் கல் வைத்து அடைப்பது பற்றிப் பேச்சு” என்று பறை அறைந்தார்கள்.

அந்தக் கடைமடையைக் காவல் காத்தவள் கொற்றி. மடைப்பலகையைத் தூக்குவதும் இறக்குவதும் அவள் வேலை. அவள் புருஷன் ஒரு பெருமழையில், சிக்கிக்கொண்ட பலகையை விடுவிக்கத் தண்ணீருக்குள் இறங்கினவன், திரும்பி ஏறவில்லை. அன்றிலிருந்து பலகையை அவள் தூக்கினாள். மடை அடைபட்டால் அவள் நிலமும் போய்விடும், அதன்கீழ் இருக்கும் நாற்பது வீட்டு நிலமும் போய்விடும். நாற்பது வீடும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

அழுதுகொண்டு உட்காருகிறவள் இல்லை அவள். முதலில் தலைமடைக்குப் போனாள். அங்கே சேந்தன் என்கிற குடியானவன் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தான்.

“சேந்தண்ணே, பௌர்ணமிக்கு அம்பலத்துக்கு வந்து வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.”

“எங்க வயலுக்குத் தண்ணி வந்துக்கிட்டுத்தானே இருக்கு, தாயி? நான் எதுக்கு வாயைக் குடுத்து மாட்டிக்கணும்?” என்றான் அவன்.

அடுத்து நடுமடைக்குப் போனாள். “பெரிய இடத்துப் பொல்லாப்பு நமக்கு எதுக்கு?” என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். மூன்றாவதாகத் தன்னுடைய கடைமடைக் குடிகளிடமே போனாள். அங்கேதான் வேடிக்கை. “நாலு பேர் வந்தா நானும் வரேன்” என்று நாற்பது வீட்டிலும் ஒரே பதில். அந்த நாலு பேர் யார் என்பது மட்டும் கடைசிவரை தெரியவில்லை.

என்ன, உம் சத்தம் குறைகிறதே? அதோ மூலையில் ஒருவர் தலை ஆடுகிறது. ம், அப்படி. கதை முடிந்ததும் அந்தச் சட்டியில் இருக்கிற சுண்டல் முழுக்க எனக்குத்தான், சரிதானே? உம் கொட்டுங்கள். நல்லது, மேலே சொல்கிறேன்.

அது நடவுக் காலம். பெரியவர்கள் எல்லோரும் சேற்றில் நின்றார்கள். மூன்று மடைகளின் பிள்ளைகளும் ஏரிக்கரையில் கொற்றியின் பார்வையில் கிடந்தன. மத்தியானம் வெயில் ஏறினால் பிள்ளைகள் மடை நிழலில் கூடிக் கதை கேட்கும். அன்று அவள் புதிதாக ஒரு கதை எடுத்தாள்.

“ஒரு குளம், குளம் நிறையத் தவளை” என்றாள். பிள்ளைகள் ‘உம்’ என்றன. “ஓர் எருமை வந்துச்சு. முன்னங்கால் ரெண்டும் சுடுது, குளத்துல வச்சுக்கிறேன்னுச்சு.” உம். “அந்தப் பக்கத்துத் தவளைங்க நசுங்கிச்சு. மத்த தவளைங்க, நம்ம பக்கம் இல்லையேன்னு பேசாம இருந்துச்சு.” உம். “எருமை, பின்னங்காலும் வச்சுக்கிறேன்னுச்சு.” உம். “இன்னுங்கொஞ்சம் தவளைங்க நசுங்கிச்சு. அப்புறம், கொஞ்சம் படுத்துக்கிறேனேன்னுச்சு.” உம். “படுத்துச்சு. குளத்துல தண்ணியும் இல்ல, தவளையும் இல்ல. கதை முடிஞ்சுது.”

பிள்ளைகளுக்குக் கோபம் வந்துவிட்டது. சேந்தன் மகள் வஞ்சி, ஏழு வயசு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு எழுந்தாள். “இது என்ன கதை? ஒரு தவளைகூட மிச்சமில்லையா?”

“நான் என்னடி பண்ணுவேன்? எருமை ஒவ்வொரு தரமும் கேட்டுச்சு. நீங்கதானே உம் கொட்டினீங்க?” என்றாள் கொற்றி.

பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பாவம், அன்றைக்குக் கஞ்சிகூட இறங்கவில்லை.

மறுநாள் அதே கதை. எருமை முன்னங்காலை வைக்கப் போனதும் வஞ்சி மட்டும் “ஊஹூம்” என்றாள். “ஒத்தைத் தவளை சத்தம் எருமைக்கு ஏதோ ஈ பறக்கிற மாதிரி இருந்துச்சு” என்று கொற்றி எருமையின் காலைக் குளத்தில் வைத்துவிட்டாள். மூன்றாம் நாள் பிள்ளைகள் அத்தனையும் ஒரே குரலில் “ஊஹூம்” என்று கத்தியதில் கரையில் இருந்த கொக்குகள் பறந்துபோயின. “எருமை காலைப் பின்னால இழுத்துக்கிச்சு” என்றாள் கொற்றி. பிள்ளைகள் குதித்த குதியில் மடைப்பலகை ஆடியது.

செய்தி பெரியநம்பி காதுக்குப் போனது. எருமை யாரென்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவரே கரைக்கு வந்தார்.

“கொற்றி, இனிமே எருமைக் கதை சொன்னேன்னு தெரிஞ்சா மடைக்காவலை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்.”

கொற்றி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள். புருஷன் மூழ்கின மடை அது, சோறு போடுகிற மடையும் அதுதான். “சரிங்க ஐயா. இனி என் வாயால சொல்ல மாட்டேன்” என்றாள். சொன்னபடியே அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. கதை அதற்குள் வீடுவீடாகப் போய்விட்டது.

பிள்ளைகள் ஒரு கதையைப் பிடித்துக்கொண்டால் விடுமா? சாயங்காலம் கஞ்சித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தால், “அப்பா, நான் கதை சொல்றேன், உம் கொட்டு” என்று தொடங்கிவிடும். களைத்து வந்த அப்பன்மார் எருமை காலை வைத்தாலும் உம், படுத்தாலும் உம் என்று கொட்டினார்கள். பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிட்டு அழுதன. சேந்தன் வீட்டிலும் அதே கூத்துதான். “எல்லாத் தவளையையும் நீதான் கொன்னே” என்று வஞ்சி ஒரு நாள் முழுக்க அப்பனோடு பேசவில்லை.

மறுநாள் அவன் கொஞ்சம் கவனமாகக் கேட்டான். எருமை பின்னங்காலை எடுத்து வைக்கும்போது அவனுக்கு மேய்ச்சல் நிலம் நினைவுக்கு வந்தது, மீன் நினைவுக்கு வந்தது. அன்று அவனுக்கும் கஞ்சி இறங்கவில்லை.

பௌர்ணமி வந்தது. பிள்ளைகள் விட்டால்தானே? “வா, வா” என்று ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டன. அம்பலம் நிறைந்தது. சிறுசுகளின் குரல் செல்லாது என்பதால் அவற்றை வெளிமதில்மேல் உட்காரவைத்தார்கள். தச்சன் உளியோடு காத்திருந்தான். ‘ஊரார் சம்மதித்து’ என்று கல்லின் தலையில் முன்கூட்டியே வெட்டிவைத்திருந்தான் அந்தப் புண்ணியவான்.

பெரியநம்பி எழுந்தார். “கடைமடையை அடைக்கிறோம். ஊருக்குச் சம்மதமா?”

யாரும் பேசவில்லை. கொற்றி மட்டும் எழுந்து, “ஊஹூம்” என்றாள்.

“ஒத்தை ஆள் ஊர் ஆகுமா? மடைக்காவல்காரிக்கு வேலை போயிடும்னு பயம்” என்று பெரியநம்பி சிரித்தார். நாலு பேர் கூடச் சிரித்தார்கள். கொற்றிக்கு முகம் சிவந்தது, ஆனாலும் அவள் உட்காரவில்லை. அவர் இரண்டாம் தரம் கேட்டார். “ஊருக்குச் சம்மதமா?”

“ஊஹூம்” என்றாள் கொற்றி. அதே ஒற்றைக் குரல்தான். கடைமடைக்காரர்கள் நாலு பேர் எழுந்திருக்கட்டும் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நடுமடைக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். சேந்தன் தொண்டையைச் செருமினான், ஆனால் வார்த்தை வரவில்லை. இத்தனை வருஷம் மூடிக்கிடந்த வாய், சட்டென்று திறந்துவிடுமா? தச்சன் உளியைக் கல்லில் வைத்தான்.

பெரியநம்பி மூன்றாம் தரம் வாயைத் திறக்கிறபோது மதில்மேல் இருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது.

“அப்பா, எருமை படுக்கப்போகுது.”

சேந்தன் எழுந்தான். “ஊஹூம்” என்றான். பிறகு இன்னும் உரக்க, “ஊஹூம். எங்க தலைமடைக்குத் தண்ணி வருது, எனக்கு இதுல நஷ்டமில்லை. ஆனாலும் வேண்டாம்” என்றான். நடுமடையில் ஒருவன் எழுந்து ஊஹூம் என்றான், அவன் பின்னால் ஒருத்தி எழுந்தாள். கடைமடைக்காரர்களுக்கு நாலு பேர் கிடைத்துவிட்டார்கள், நாற்பது வீடும் எழுந்து நின்றது. ஊர் மொத்தமும் ஒரே ஊஹூமாக இருந்தது.

பெரியநம்பி மூன்றாம் தரம் கேட்கவே இல்லை. மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

“இந்தக் கல்லை என்ன செய்யறது?” என்று தச்சன் கேட்டான்.

“தலையில வெட்டினது அப்படியே இருக்கட்டும். அதுக்குக் கீழ, கடைமடை திறந்தே இருக்கும்னு வெட்டு” என்றாள் கொற்றி. அதற்கு ஊரே உம் கொட்டியது.

மேய்ச்சல் நிலம் திரும்பி வர இன்னும் மூன்று பௌர்ணமி ஆயிற்று. மீனுக்காக ஒரு வருஷம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. ஆனால் அதன்பிறகு எந்தப் பௌர்ணமியும் அம்பலம் காலியாகக் கிடக்கவில்லை. ஊர் ஊஹூம் சொன்ன மறுநாள் விடியற்காலையில் கொற்றி போய்ப் பலகையைத் தூக்கினாள், தண்ணீர் நாற்பது வீட்டு வயலுக்கும் ஓடியது.

கதை முடிந்தது. சுண்டல் சட்டியை இப்படி எடுங்கள்.

ஏன் முறைக்கிறீர்கள்? நடுவில் நான் கேட்டபோது எல்லோரும் உம் கொட்டினீர்களே, அந்தப் பெரியவர் தூக்கத்திலேயே கொட்டினார். சரி போகட்டும், நான் பெரியநம்பி இல்லை. இன்னொரு தரம் கேட்கிறேன். சுண்டல் முழுக்க எனக்கா?

ஹா, இப்போதுதான் காது குளிர்ந்தது. ஆளுக்கு ஒரு கை அள்ளிக்கொள்ளுங்கள், அள்ளிக்கொண்டே இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்: ஊர்க்காரியம் பேசுகிற இடத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பவன், தனக்கு வரப்போகிற கேட்டுக்குத் தானே சம்மதம் கொடுக்கிறான்.